கோட்டோரத்து வெற்றிச்செல்வன்

காற்பந்து மேனேஜர் என்றொரு இனம் உண்டு. நம் பக்கத்தில், அம்பத்தூருக்கும் பூந்தமல்லிக்கும் நடுவே, அது அபூர்வம்தான். ஆனால் அறவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. அடையாளம் காண்பது எளிது. மைதானத்துக்குள் இருபத்திரண்டு பேர் ஓடிக்கொண்டிருப்பார்கள். ஓடாமல், பந்தைத் தொடாமல், வெள்ளைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றபடி, ஓடுகிற அத்தனை பேரையும்விட அதிகமாக வியர்க்கிறவர் எவரோ அவர்தான். கழுத்தில் விசில் தொங்கும், ஊத மாட்டார். தலைமேல் கறுப்புக் கண்ணாடி இருக்கும், கண்ணுக்கு இறங்காது. கையில் ஒரு தண்ணீர் பாட்டில் இருக்கும். அது குடிப்பதற்கல்ல, எதிரணி கோல் போடும்போது தரையில் அடிப்பதற்கு.

இந்த இனத்துக்கு இலக்கணம் நன்றாகத் தெரியும். ஜெயித்தால் தன்மை ஒருமை: "ஜெயிச்சுக் காட்டினேன்." ஆட்டம் சமமானால் தன்மைப் பன்மை: "சமாளிச்சிட்டோம்." தோற்றால் படர்க்கைக்குத் தாவிவிடும்: "சொதப்பிட்டானுங்க." பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியர் தொண்டை கிழியக் கத்தியும் நமக்கு ஏறாத பாடம், இவர் பேட்டியை ஒரு தடவை கேட்டால் விளங்கிவிடும்.

பொதுவாகச் சொன்னால் நான் மிகைப்படுத்துவதாக நினைப்பீர்கள். அதனால் ஒருவரைப் பிடித்து உங்கள் முன்னால் நிறுத்துகிறேன்.

பெயர் வெற்றிச்செல்வன். பெற்றோர் வைத்தது, அவர்களைக் குறை சொல்ல முடியாது, எதிர்காலம் அவர்களுக்கு எப்படித் தெரியும்? வானகரத்தில் ஓர் அடுக்குமாடி வீட்டில் மனைவி மதிவதனியோடு குடியிருந்தார். ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. வேலை முடிந்து வந்ததும் படுக்கையறைச் சுவரில் பச்சைத் துணியைக் கட்டி, அதன் முன்னால் உட்கார்ந்து யூடியூபில் காற்பந்து அலசுவார். ஐரோப்பாவின் பெரிய கிளப்புகளை நடத்துகிறவர்கள் எந்த இடத்தில் கோட்டை விடுகிறார்கள், யாரை வெளியே உட்கார வைத்திருக்க வேண்டும், யாரை உள்ளே அனுப்பியிருக்க வேண்டும் என்றெல்லாம் வானகரத்திலிருந்து வாரம் தவறாமல் எச்சரித்து வந்தார். அவர்கள் கேட்கவில்லை. நாகப்பன் கேட்டார்.

நாகப்பன் அம்பத்தூர் எஸ்டேட்டில் நட்டு போல்ட் பட்டறை வைத்திருப்பவர். அவருடைய அப்பா அயனம்பாக்கத்தில் அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்தவர். மகன் லேத்தில் கை வைத்து மேலே வந்தவர். காற்பந்தென்றால் பித்து. அந்தப் பித்தில், ஆட்டக்காரர்களுக்கு மாதச் சம்பளம் கொடுத்து, ஏரிக்கரை எஃப்.சி. என்று ஒரு தொழில்முறை கிளப்பையே நடத்தினார். நகர லீக்கின் மேல் டிவிஷனில் அது பயந்து பயந்து ஒட்டிக்கொண்டிருந்தது. பழைய மேனேஜர் வேறு ஊரில் நல்ல வேலை கிடைத்துப் போய்விட்ட சமயம். நாகப்பன் ஒருநாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வெற்றிச்செல்வனின் வீடியோவைப் பார்த்தார். இன்னொன்று பார்த்தார். இவ்வளவு தெரிந்த மனிதர் சும்மா வீட்டில் உட்கார்ந்திருக்கிறாரே என்று அவருக்குப் பொறுக்கவில்லை. போன் போட்டுவிட்டார்.

மதிவதனி, வேலையை விட்டுவிடாமல் நீண்ட லீவு போட்டுப் போய்ப் பார்க்கலாமே என்றாள். அரை மனதோடு செய்கிற காரியமா இது என்று கேட்டுவிட்டு, மறுநாளே ராஜினாமா கொடுத்தார் வெற்றிச்செல்வன். அது வரையில் அவருடைய பேச்சால் யாருக்கும் எந்தச் சேதமும் நேர்ந்ததில்லை.

வந்த அன்று மாலை, பூங்கொத்து, படம் எல்லாம் ஆனது. பிறகு ஆட்டக்காரர்களைத் தரையில் உட்கார வைத்து, தமக்கென்று ஒரு தத்துவம் இருப்பதாக அறிவித்தார். அதைக் கேட்டு முடிக்க இருட்டிவிட்டது. பயிற்சி தொடங்கியபோது, முதல் வாரம் பந்து கிடையாது என்றார். பந்து இல்லாதபோது எப்படி ஆடுகிறோம் என்பதுதான் முக்கியமாம். எனவே பதினோரு பேரும் காலியான காற்றை ஒருவருக்கொருவர் தட்டிக்கொண்டு ஏரிக்காற்றில் ஓடினார்கள். கோல் காக்கும் கோலி வெங்கட், இல்லாத பந்தைப் பிடிக்கப் பாய்ந்தான். தப்பான பக்கம் பாய்ந்துவிட்டதாகத் திட்டு வாங்கினான். வாரக் கடைசியில் கேப்டன் அசோக் மெதுவாகக் கையைத் தூக்கினான்.

"சார், பந்து எப்ப வரும்?"

பந்து வந்தது. கூடவே ஒரு சட்டமும் வந்தது. யாருக்காவது பந்தைத் தட்டிவிட்டால், உடனே திரும்பித் தன்னைப் பார்க்க வேண்டும். அடுத்து என்ன செய்வது என்று தான் கையால் காட்டுவதாகச் சொன்னார். காதைத் தொட்டால் ஒரு அர்த்தம், தொப்பியைத் தொட்டால் ஒரு அர்த்தம், இடுப்பில் கை வைத்தால் வேறொன்று. ஒரு நாள் பிடரியில் கொசு கடித்து அவர் பட்டென்று அடித்துக்கொள்ள, மொத்த டீமும் வலது பக்கம் போய்விட்டது.

கிஷோர் என்று ஒரு பையன் இருந்தான். இருபத்திரண்டு வயது. இடது ஓரத்தில் பந்து கிடைத்தால் எடுத்துக்கொண்டு ஓடிவிடுவான். எந்தப் பக்கம் திரும்புவான் என்று அவனுக்கே கடைசி நொடி வரை தெரியாது என்பதால் தடுப்பவனுக்கும் தெரியாது. போன பருவத்தில் ஏரிக்கரை போட்ட கோல்களில் பாதிக்கு மேல் அவன் காலில் பிறந்தவை. அவன் சம்பளத்திலும், மைதானத்து மதிலை ஒட்டி அவன் அம்மா கன்னியம்மா போட்டிருந்த இட்லிக் கடையிலும்தான் அந்த வீடு ஓடியது. தனி ஆளாக ஓடுவதெல்லாம் பழைய காலத்து ஆட்டம் என்று சொல்லி, வெற்றிச்செல்வன் அவனைப் பின்வரிசையில் நிறுத்தினார்.

"பந்து வந்தா அசோக்குக்குக் குடு. குடுத்துட்டு என்னப் பாரு," என்றார்.

அவன் கொடுத்தான். பார்த்தான். வேறு என்ன செய்வான்?

முதல் ஆட்டத்தில் ஏரிக்கரை ஜெயித்தது. எதிரணிக்காரன் ஒருவன் பந்தைத் தன் கோலிக்கே திருப்பித் தட்ட, கோலி ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருக்க, பந்து நிதானமாக உருண்டு வலைக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. அன்று சாயங்காலப் பேட்டியில் வெற்றிச்செல்வன், எதிரணியை அந்த மனநிலைக்குக் கொண்டுவருவதுதான் தமது திட்டம் என்று விளக்கினார். தன்மை ஒருமை. நாகப்பன் பட்டறை முழுக்க லட்டு கொடுத்தார்.

அதற்குப் பிறகு லட்டுக்கு வேலை வரவில்லை.

தோல்விகளை நான் எண்ணப்போவதில்லை. காரணங்களைச் சொல்கிறேன், அவைதான் சுவை. ஏரியிலிருந்து அடிக்கிற காற்று முதல் பாதியில் எதிராக வீசியது, இரண்டாம் பாதியில் நியாயமாக அது ஆதரவாக வீசியிருக்க வேண்டும், வீசவில்லை, மெட்ரோ வேலைத் தூசு பூந்தமல்லி ரோட்டிலிருந்து பறந்து வந்து பையன்களின் நுரையீரலில் படிந்துவிட்டது, ரெஃப்ரிக்கு ஆவடியில் சம்பந்தி வீடு, புது ஜெர்சியின் நீலம் கண்ணுக்குச் சோம்பலைத் தரும் நீலம், தரை ஈரம், தரை காய்ச்சல், பந்து ரொம்பப் புதுசு. உதவிப் பயிற்சியாளர் கலியமூர்த்தி முதல் தோல்விக்கு மறுநாளே வீட்டுக்கு அனுப்பப்பட்டார். யாராவது ஒருவர் பொறுப்பேற்க வேண்டுமல்லவா?

அடுத்த தோல்விக்குப் பொறுப்பேற்றது இட்லி. காலையில் கன்னியம்மா கடையில் பையன்கள் இட்லியை உள்ளே தள்ளுவதால்தான் கால் கனத்துப் போகிறது என்று கண்டுபிடித்து, ஓட்ஸ் கஞ்சிக்கு ஏற்பாடு செய்தார். கன்னியம்மா கரண்டியோடு ஸ்டூல்மேல் ஏறி மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"இன்னா சாரு, கோலு உடறது நீங்க, பயி இட்லி மேலயா?" என்றாள்.

வெற்றிச்செல்வன் தலையை ஆட்டினார். நிபுணர்கள் பதில் சொல்ல மாட்டார்கள். தலையை மட்டும் ஆட்டுவார்கள்.

பருவத்தின் கடைசி ஆட்டம் வந்தபோது ஏரிக்கரை பட்டியலின் அடியில், கீழ் டிவிஷனுக்கு விழுகிற விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆவடி அணியோடு சொந்த மைதானத்தில் ஆட்டம். நாகப்பன் அவரைப் பட்டறைக்குக் கூப்பிட்டார். லேத்துகளின் இரைச்சலுக்கு நடுவே நின்றபடியே பேசினார். அவர் கோபத்தில் கத்தியிருந்தால்கூட வெற்றிச்செல்வனுக்குச் சமாளிக்கத் தெரிந்திருக்கும்.

"இத பாரு வெற்றி, கெலிச்சா கிளப்பு கீது. தோத்தா இழுத்து மூடிடுவேன். கீழ டிவிசன்ல வெச்சி நடத்த நம்மால ஆவாது. பசங்க கைல எப்டி சொல்றதுன்னுதான் ரோசன பண்ணிகினு கீறேன்," என்றார்.

அன்று வீட்டுக்குப் போனவர் பச்சைத் துணிக்கு முன்னால் உட்காரவில்லை. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தார். அசோக்குக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. வெங்கட் தங்கையைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தான். கிளப்பை மூடினால் அவர்கள் எங்கே போவார்கள் என்று முதல் தடவையாக அவருக்கு உறைத்தது. தான் எங்கே போவது என்பது அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே உறைத்துவிட்டது. மதிவதனி, எப்படி ஆடலாம் என்று பையன்களையே ஒரு வார்த்தை கேட்டுப் பாரேன் என்றாள்.

"அவங்களக் கேட்டா அப்புறம் நான் எதுக்கு?" என்றார் வெற்றிச்செல்வன்.

நல்ல கேள்விதான். அவள் தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

ஆட்டத்தன்று அயனம்பாக்கமே மதிலைச் சுற்றி நின்றது. முதல் பாதியில் ஆவடி ஒரு கோல் போட்டது. இடைவேளையில் வெற்றிச்செல்வன் தத்துவத்தை மறுபடி முதலிலிருந்து சொன்னார். இரண்டாம் பாதி தொடங்கிச் சிறிது நேரத்தில், பந்து பக்கக் கோட்டைத் தாண்டி அவர் காலடியில் வந்து விழுந்தது. எறியும் உரிமையை ரெஃப்ரி ஆவடிக்குக் கொடுத்தார். இவர் அது தங்களுடையது என்றார். ரெஃப்ரி இல்லை என்றார். அப்போது அந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா? குனிந்து பந்தை எடுத்தார். மார்போடு அணைத்துக்கொண்டார். தர மாட்டேன் என்று நின்றார். அந்தப் பருவம் முழுக்க அவர் பந்தைத் தொட்டது அந்த ஒரு தடவைதான்.

சிவப்பு அட்டை. கோட்டோரத்தில் மட்டுமல்ல, மைதானத்து மதிலுக்கு உள்ளேயே நிற்கக் கூடாது என்றார் ரெஃப்ரி. பின்னால் கேட் சாத்தப்பட்டது.

வெளியே வந்தவருக்கு மதில் உயரம் தடையாக இருந்தது. உள்ளே யார் சொல்லித் தருவது? கலியமூர்த்தியும் இல்லை. போனை எடுத்து, பெஞ்சில் உட்கார்ந்திருந்த பிசியோ ஹேமாவதியைக் கூப்பிட்டார். கிஷோரைப் பின்னாலேயே நிற்கச் சொல், அசோக்கை இன்னும் உள்ளே வரச் சொல் என்று மூச்சுவிடாமல் அடுக்கினார். ஹேமாவதி முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள். சார், இங்கே ஒரே சத்தம், சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டு, போனைக் காலுக்கு ஒத்தடம் கொடுக்கிற ஐஸ் பெட்டிக்குள் வைத்து மூடினாள்.

மதிலோரம் கன்னியம்மா பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு அதன்மேல் ஏறி நின்று மகனின் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இன்னொரு ஸ்டூல் காலியாக இருந்தது. கேட்காமலே ஏறினார். ஏறியதும் இரண்டு கைகளையும் குவித்துக் கத்தத் தொடங்கினார்.

"சொம்மா பாரு நைனா," என்றாள் கன்னியம்மா, மைதானத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "உள்ள நின்னு கத்துன, அவனுங்க கேட்டானுங்க, தோத்தானுங்க. இங்க நின்னு கத்துனா என் காதுதான் போவும்."

அவர் கையை இறக்கினார். சொன்னதற்குக் கட்டுப்பட்டு அல்ல; தொண்டை போயிருந்தது.

உள்ளே அசோக் பந்தைத் தட்டினான். தட்டியதும் பழக்கத்தில் கோட்டோரம் திரும்பிப் பார்த்தான். அங்கே யாரும் இல்லை. மறுபடி பந்து வந்தது, தட்டினான், திரும்பினான். அந்த இடம் காலியாகவே இருந்தது. மூன்றாவது தடவை திரும்பவில்லை. நேராக ஓடினான். கொஞ்ச நேரத்தில் ஒருவருமே திரும்பவில்லை. மதில்மேல் முகவாயை வைத்திருந்த வெற்றிச்செல்வன் அதைப் பார்த்தார். பந்தைத் தட்டிவிட்டுத் தன்னைப் பார்த்த அந்தச் சின்ன இடைவெளி, கண் இமைக்கிற நேரம், அதற்குள் எதிரணிக்காரன் வந்துவிடுவான்; இத்தனை மாதமும் ஆட்டம் அங்கேதான் போயிருக்கிறது என்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. காற்று அல்ல. தூசு அல்ல. இட்லியும் அல்ல. பக்கத்தில் நின்றவள் தன் முகத்தைப் பார்த்துவிடப் போகிறாளே என்று தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டார்.

கிஷோர் யாரையும் கேட்காமல் பின்வரிசையிலிருந்து இடது ஓரத்துக்கு வந்திருந்தான். பந்து கிடைத்தது. எடுத்துக்கொண்டு ஓடினான். ஒருவனைத் தாண்டினான், இன்னொருவன் தவறான பக்கம் சாய்ந்தான், கோலி முன்னால் வந்தான். பந்து அவன் கைக்குக் கீழே நுழைந்து போய்விட்டது. ஒன்றுக்கு ஒன்று. கன்னியம்மா கத்தவில்லை. வெற்றிச்செல்வனின் தோளைப் பிடித்துக்கொண்டாள், ஸ்டூல் ஆடியதால். ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் மறுபடி அதே ஓரம், அதே கிஷோர். இந்தத் தடவை தானே அடிக்காமல் நடுவே தள்ளிவிட்டான், அசோக் ஓடிவந்து உள்ளே தட்டினான். பிறகு கடைசி நிமிடங்களில் ஆவடி அடித்த ஒரு பந்தை வெங்கட் சரியான பக்கம் பாய்ந்து பிடித்தான்.

விசில் ஊதியதும் பையன்கள் தரையில் விழுந்து அழுதார்கள். கிளப் பிழைத்துவிட்டது.

வெற்றிச்செல்வனுக்கும் கண் கலங்கித்தான் இருந்தது. அதை நான் மறைக்கவில்லை. ஸ்டூலிலிருந்து இறங்கி, கேட்டைத் தள்ளி உள்ளே போகிற வரைக்கும் அவர் வேறு மனிதராக இருந்தார். உள்ளே உள்ளூர் சேனல்காரர் மைக்கை நீட்டினார். அவ்வளவுதான்.

"அந்த ரெட் கார்டு நான் வேணும்னே வாங்கினது," என்றார் வெற்றிச்செல்வன். "பசங்க சொந்தமா யோசிக்கணும்னா நான் விலகி நிக்கணும்னு முன்னாடியே பிளான் பண்ணியிருந்தேன். ஜெயிச்சுக் காட்டினேன்."

பக்கத்தில் நின்ற அசோக் அவரைத் திரும்பிப் பார்த்தான். பழைய பழக்கம்.

மறுநாள் காலை பட்டறைக்குப் போனார், புது ஒப்பந்தம் பற்றிப் பேச. நாகப்பன் பேட்டியைப் பார்த்திருந்தார். டீ சொன்னார். நிஜமாகவே வேண்டுமென்றுதான் அட்டை வாங்கினாயா என்று அக்கறையோடு விசாரித்தார். ஆமாம் என்றார் வெற்றிச்செல்வன்.

"அப்போ மொத மேட்ச்சுலயே வாங்கிகினு போயிருக்கலாமே நைனா," என்றார் நாகப்பன். "இவ்ளோ நாளு ஏன் எங்கள பேஜார் பண்ண?"

டீயை முடித்துவிட்டுப் போகச் சொன்னார். கலியமூர்த்தி பழைய இடத்துக்குத் திரும்பினார், அசோக் ஆடிக்கொண்டே டீமையும் நடத்துவது என்று முடிவானது. மறுநாள் முதல் கன்னியம்மா கடையில் காலை நேரத்துக்கு இட்லி பற்றவில்லை.

வீட்டில் மதிவதனி எதையும் கிளறவில்லை. அவராகவே சொன்னார்.

"அவனுங்க என்னப் பார்த்துக்கிட்டே ஆடினானுங்க, மதி. அதுலதான் எல்லாம் போச்சு."

திருமணமாகி இத்தனை வருடத்தில் அவர் வாயிலிருந்து அப்படியொரு வாக்கியத்தை அவள் கேட்டதில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அவர், இதையே ஒரு வீடியோவாகப் போட்டால் என்ன என்று கேட்டார். அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

போட்டார். ஆட்டக்காரர்களைச் சுதந்திரமாக விடுவது எப்படி என்று தொடராகவே போட்டார். அவர் இதுவரை போட்டதில் அதிகம் பேர் பார்த்தது அதைத்தான். தெற்கே ஒரு கிளப், மேனேஜர் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தது, அதைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டிருக்கிறது. போயிருக்கிறார். அந்த ஊர்ப் பையன்களை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது. ஏரிக்கரையில் அசோக் நன்றாகத்தான் நடத்துகிறான். ஆனால் இப்போதெல்லாம் காயம்பட்டு வெளியே உட்கார நேர்ந்தால் கொஞ்சம் கத்த ஆரம்பித்திருக்கிறான் என்று கிஷோர் தன் அம்மாவிடம் சொன்னதாகக் கேள்வி.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நமக்கும் காற்பந்துக்கும் சம்பந்தமில்லை என்று தைரியமாக இருக்கிறீர்கள். சரி, ஒன்றே ஒன்று கேட்கிறேன். போன வாரம் உங்கள் தெருவில் யாரோ ஒருவர் காரை ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தார். அவர் உங்களைக் கூப்பிடவில்லை. நீங்களாகவே செருப்பை மாட்டிக்கொண்டு ஓடிப்போய்ப் பின்னால் நின்று, வரலாம், வரலாம், இன்னும் வரலாம் என்று கையாட்டினீர்கள். விளக்குக் கம்பத்தில் டமார் என்று இடித்ததும், "நான் அப்பவே நிறுத்துன்னு சொன்னேனே," என்றது யார்?